கோடியக்கரைக் காட்டில் செஞ்சிறகுக் கொண்டைக்குயிலைத் தேடிப் போகிறவர்களுக்கு

கோடியக்கரை என்றதும் பலருக்கும் பூநாரையும் வெளிமானும்தான் நினைவுக்கு வரும். சதுப்பில் நிற்கும் பூநாரைகளைப் பார்த்துவிட்டு, புல்வெளியில் மான் கூட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பிவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் காட்டை வண்டியில் அப்படியே கடந்துவிடுகிறார்கள். அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடக்கிலிருந்து வரும் காட்டுப் பறவைகள் அந்தக் காட்டில்தான் இறங்குகின்றன. அவற்றில் ஆசையாகத் தேடத் தகுந்த ஒன்று செஞ்சிறகுக் கொண்டைக்குயில். புதிதாக பைனாகுலர் வாங்கியவர்கள் அதை எப்படித் தேடலாம் என்பதற்கே இந்தக் கட்டுரை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பறவை போனவுடன் கிடைத்துவிடாது. பல வருடமாகப் பறவை பார்ப்பவர்களிலேயே இதைப் பார்க்காதவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் சரியான வாரம், சரியான காலை, சரியான மரம் மூன்றும் கூடினால் புதியவருக்கும் கிடைக்கும். அதிர்ஷ்டம் பாதி என்றால் மீதிப் பாதி நம் கையில் இருக்கிறது.

ஏன் இந்தக் காட்டுக்கு வருகிறது

வரைபடத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து தெற்கே இறங்கி வரும் சோழமண்டலக் கரை, கோடியக்கரையில் சட்டென்று மேற்கே மடங்குகிறது. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை, அதற்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணம். கரையை ஒட்டி வரும் பறவைக்கு நிலம் இங்கே முடிகிறது. முன்னால் 50 கிலோமீட்டருக்கும் மேல் வெறும் கடல். இலங்கைக்குப் போக வேண்டிய பறவை இங்கே இறங்கி, இரை தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டு, பிறகு கிளம்பும்.

சுற்றிலும் உப்பளம், சதுப்பு, மணல், தோட்டம். மரத்தோடு மரமாக வாழும் பறவை இறங்க வேண்டுமானால் இந்தக் காடுதான் இருக்கிறது. உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். கோடையிலும் இலை முழுவதும் கொட்டாது. பாலை, நாவல், உகா போன்ற மரங்களும் முள்புதர்களும் பின்னிக் கிடக்கும். கடற்காற்றில் மரங்கள் ரொம்ப உயரமாக வளர்வதில்லை. அதனால் மலைக்காட்டில் போல அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்காது. ஆனால் இலைச்செறிவு அதிகம். பறவை கண் மட்டத்திலேயே, பத்தடி தூரத்தில் இருந்தாலும் தெரியாது.

1967இல் இது சரணாலயமானது. 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே வலைகட்டிப் பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு விட்டு வருகிறது. இந்தக் காட்டின் வழியாக என்னென்ன போகின்றன என்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அந்த வேலையால் கிடைத்தது.

நம் குயில் இமயமலை அடிவாரத்திலும் வடகிழக்கு மாநிலங்களிலும், அதற்குக் கிழக்கே சீனா வரையிலும் இனப்பெருக்கம் செய்கிறது. கூடு கட்டாது, சிரிப்பான் என்ற காட்டுப் பறவைகளின் கூட்டில் முட்டையிடும். குளிர்காலத்தில் ஒரு பகுதி தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. இந்தக் கரைக்கு அது புதிய விருந்தாளி இல்லை. 1766இல் லின்னேயஸ் இதற்குப் பெயர் வைத்தபோதே சோழமண்டலக் கரையிலிருந்து கிடைத்த பறவை என்றுதான் பதிவு செய்தார்.

கிளம்புவதற்கு முன்: செம்போத்தை நன்றாகப் படியுங்கள்

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இந்த அரிய குயிலைப் பார்த்ததாகச் சொல்லப்படுவதில் ஒரு பகுதி செம்போத்துதான். இரண்டுக்கும் கறுப்பு உடல், செங்கல் நிற இறக்கை, நீண்ட வால். அளவும் கிட்டத்தட்ட ஒன்றே. ஒரு நொடி இலைக்குள் தெரிந்து மறைந்தால், ஆசை எதைக் காட்டச் சொல்கிறதோ அதைத்தான் கண் காட்டும்.

ஆகவே ஊரிலேயே, வீட்டுப் பக்கத்துத் தோப்பிலேயே, செம்போத்தை ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். அது தரையில் நடக்கும். வேலியோரம் குப்பையைக் கிளறும். பறந்தால் தாழ்வாக, சோம்பலாக நாலு அடி அடித்துச் சறுக்கிப் புதருக்குள் விழும். தலையில் கொண்டை இல்லை. அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு. பருத்த, அகலமான வால்.

இப்போது நம் பறவை. தலை மினுமினுக்கும் கறுப்பு; பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கூரான கொண்டை. பின்கழுத்தில் வெள்ளைப் பட்டை ஒன்று, சட்டைக் காலர் வைத்ததுபோல. முதுகும் வாலும் கறுப்பு, இறக்கை செம்பழுப்பு. தொண்டையும் மேல்மார்பும் துருவின் நிறம், வயிறு வெண்மை, வாலடி, அதாவது வால் தொடங்கும் இடத்தின் அடிப்பக்கம், கறுப்பு. செம்போத்தைவிட உடல் ஒல்லி; வாலும் ஒடுக்கம். தரைக்கு அநேகமாக வராது. பறந்தால் நேராக, வேகமாக, போகுமிடம் தெரிந்தது போலப் பறக்கும்.

களத்தில் பெரும்பாலும் கீழிருந்துதான் பார்ப்போம். அதனால் புத்தகத்தில் பக்கவாட்டில் வரைந்திருக்கும் படத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். துருநிறத் தொண்டை, வெள்ளை வயிறு, கறுப்பு வாலடி என்ற மூன்றையும் மேலிருந்து கீழாக ஒரு வரிசையாக மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இலை இடுக்கில் இந்த வரிசை தெரிந்தால் கொண்டையைப் பார்ப்பதற்கு முன்பே செம்போத்து இல்லை என்று முடிவு செய்துவிடலாம்.

அக்டோபரில் வருபவற்றில் இளம் பறவைகளும் இருக்கும். அவை அவ்வளவு பளிச்சென்று இருக்காது. கொண்டை குட்டை, முதுகு பழுப்பு, இறகுகளின் ஓரத்தில் செம்பழுப்பு விளிம்பு, அதனால் செதில் செதிலாகத் தெரியும். கழுத்துப் பட்டையும் மங்கல். புதியவர்கள் இதைப் பார்த்துவிட்டு, "ஏதோ குயில்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

மற்ற குயில்களையும் கொஞ்சம் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். சுடலைக்குயிலுக்கும் கொண்டை உண்டு, ஆனால் மேலே கறுப்பு, கீழே வெள்ளை, இறக்கையில் ஒரு வெள்ளைத் திட்டு, அளவில் சிறியது. அதையும் சிலர் வெறுமனே கொண்டைக்குயில் என்பார்கள். அதனால் யாராவது "நேத்து கொண்டைக்குயில் பார்த்தோம்" என்றால், இறக்கை என்ன நிறம் என்று கேட்டுவிட்டு ஓடுங்கள். பெண் குயிலின் புள்ளி போட்ட உடலும், முள்காட்டில் பதுங்கிப் பதுங்கி ஏறும் பச்சைவாயனின் நீள வாலும் இலைக்குள் ஏமாற்றும். அக்காக்குயிலைப் பார்த்தால் வைரி என்று நினைத்துவிடுவோம், அது வேறு கதை.

அரிய பறவையைக் கண்டுபிடிக்கிறவர்கள் சாதாரணப் பறவைகளைத்தான் அதிகம் பார்த்திருப்பார்கள். பச்சைவாயனை நூறு முறை பார்த்தவருக்கு, நூற்றியோராவது வால் வேறு மாதிரி ஆடினால் உடனே உறுத்தும்.

எந்த வாரம், எந்தக் காலை

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் இறுதி வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித் தொடங்கும். பறவை வரத்தும் அதே நாட்களில்தான் சூடு பிடிக்கும்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. இந்தச் சிறு காட்டுப் பறவைகளும் குயில்களும் பெரும்பாலும் இரவில் பயணம் செய்கின்றன. வானம் தெளிவாக, காற்று பின்னாலிருந்து தள்ளினால் நிற்காமலே கடலைத் தாண்டிப் போய்விடலாம். வழியில் மேகமும் மழையும் குறுக்கிட்டால், விடியற்காலையில் கிடைத்த காட்டில் இறங்கிவிடும். ஆகவே நாம் விரும்ப வேண்டியது, முந்தைய இரவு பின்பாதியில் மழை பெய்து, காலையில் மூட்டமாக, தூறல் விட்டிருக்கும் நாளை. அப்படிப்பட்ட காலையில் முந்தின நாள் வெறிச்சென்று கிடந்த அதே புதரில் பழுப்பு ஈப்பிடிப்பானும் அரசவால் ஈப்பிடிப்பானும் கதிர்க்குருவிகளுமாக இலைக்கு இலை அசையும். அந்த அசைவைப் பார்த்ததும் அன்றைக்கு மற்ற திட்டங்களைத் தள்ளிவிட்டுக் காட்டிலேயே இருந்துவிடுங்கள். சிறியவை இறங்கியிருந்தால் பெரியவையும் இறங்கியிருக்கலாம்.

வானிலை ஆய்வு மையத்தின் முன்னறிவிப்பைத் தினமும் பார்த்து, வார இறுதிக்காகக் காத்திராமல் லீவு போட முடிந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் தூறல் வேறு, புயல் சின்னம் வேறு. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்த வட்டாரத்தில்தான் கரையைக் கடந்தது. காட்டில் எண்ணற்ற மரங்கள் சாய்ந்தன. கனமழை நாட்களில் வனத்துறை சரணாலயத்தை மூடிவிடுவதும் உண்டு.

கஜாவால் இன்னொரு விளைவும் உண்டு. அதற்கு முந்தைய பயணக் குறிப்புகளில் "அந்தப் பெரிய மரத்தில் பாருங்கள்" என்று இருந்தால் நம்பிப் போகாதீர்கள். மரம் இல்லாமல் போயிருக்கலாம். திறந்துபோன இடங்களில் புதர் மண்டியிருக்கிறது. இன்றைய காட்டை இன்றைக்குத்தான் படிக்க வேண்டும்.

போய்ச் சேர்வதும் தங்குவதும்

வேதாரண்யம்தான் உங்கள் தளம். தஞ்சாவூர், நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி மூன்றிலிருந்தும் பேருந்தில் வரலாம். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகத்தியம்பள்ளி வரை 2023இலிருந்து மறுபடி ரயில் ஓடுகிறது. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை சுமார் 10 கிலோமீட்டர். பகலில் பேருந்து உண்டு. ஆனால் நமக்கு விடியும்போதே காட்டோரம் நிற்க வேண்டும். முந்தைய நாள் மாலையே ஆட்டோ ஒன்றைப் பேசி வைத்துவிடுங்கள். வனத்துறை விடுதியில் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. சீசனில் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

நுழைவுச் சீட்டு, கேமரா கட்டணம், உள்ளே எதுவரை போகலாம் என்பதெல்லாம் அவ்வப்போது மாறும். வனத்துறைச் சோதனைச்சாவடியில் கேட்டு, சொன்னபடி நடங்கள். முடிந்தால் உள்ளூர் வாட்சர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். புத்தகப் பெயர் சொன்னால் அவர்களுக்குப் புரியாமல் போகலாம். "அண்ணே, செம்போத்து மாதிரி இருக்கும், தலையில கொண்டை, கழுத்துல வெள்ளை. இந்த வாரம் ஏதாச்சும் கண்ணுல பட்டுச்சா?" என்று கேளுங்கள். அவர் பதிலில் கொண்டை என்ற சொல் தானாக வந்தால் கவனியுங்கள். நீங்கள் சொன்னதையே திருப்பிச் சொன்னால் அது மரியாதைக்காகச் சொன்னதாக இருக்கும்.

கையில் என்ன? எட்டு மடங்கு பைனாகுலர் போதும். 8x42 என்று போட்டிருக்கும். பத்து மடங்கு வாங்கினால் அடர்ந்த காட்டில் பார்வைப் பரப்பு குறைந்து, பறவை எந்தக் கிளை என்று தேடுவதற்குள் போய்விடும். மங்கிய நிற முழுக்கைச் சட்டை, முள் குத்தாத மூடிய காலணி, உண்ணி ஏறாமல் சாக்ஸுக்குள் செருகிய பேன்ட். தண்ணீர், பிஸ்கட். தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் குரங்கு பறித்துக்கொண்டு போகும். காட்டுப்பன்றியும் மட்டக்குதிரையும் எதிர்ப்பட்டால் வழிவிட்டு நில்லுங்கள், அவ்வளவுதான். பாம்பு இருக்கும் காடு. பாதையை விட்டு இறங்காதீர்கள்.

காட்டுக்குள்: நடப்பதைவிட நிற்பது

புதியவர்கள் செய்வது என்னவென்றால், முழுக் காட்டையும் ஒரே காலையில் சுற்றிவிடப் பார்ப்பார்கள். ராமர் பாதம், கலங்கரை விளக்கம், முனியப்பன் ஏரி, கடற்கரை எல்லாம் முடித்து ஒன்பதரைக்கு டீக்கடையில் இருப்பார்கள். இந்தக் குயிலுக்கு அது உதவாது. அது இலைக்குள் அசையாமல் நீண்ட நேரம் உட்காரும் பறவை. நீங்கள் நடந்துபோனால் உங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும்.

ஒரு கிலோமீட்டர் பாதையைத் தேர்ந்தெடுத்து அதையே மெதுவாக இரண்டு மூன்று முறை போய்வாருங்கள். கோடியக்காடு என்ற ஊரிலிருந்து கோடியக்கரைக்குப் போகும் சாலையின் இருபுறமும் காடுதான். அந்தச் சாலையோரத்திலேயே பாதிக் காரியம் முடியும், ஏனென்றால் சாலை ஒரு நீண்ட இடைவெளி. காட்டின் ஓரத்தில் வெயில் முதலில் படும், பூச்சி முதலில் கிளம்பும், பறவை முதலில் வெளியே வரும். விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை கிழக்கு வெயில் விழும் பக்கத்தைப் பாருங்கள். மூட்டமான நாளில் பதினொன்று வரைகூட நீட்டலாம். பிற்பகல் நாலு மணிக்கு மேல் மறுபடி.

எந்த மரம்? புழு உள்ள மரம். கொண்டைக்குயில் பழத்துக்கு வருவதில்லை. பூச்சியும் புழுவும்தான் அதன் சாப்பாடு, மற்ற பறவைகள் தொடத் தயங்கும் கம்பளிப்பூச்சிகள் உட்பட. மழை தொடங்கி இரண்டு மூன்று வாரம் ஆனதும் புதுத் தளிர் விட்ட மரங்களில் இலை ஓட்டை ஓட்டையாகத் தெரியும். கீழே தரையில் கடுகு போல் புழு எச்சம் உதிர்ந்திருக்கும். அந்த மரத்தடியில் நின்றுவிடுங்கள். அரைமணி நேரம் நிற்பது வீணில்லை. ஊருக்குள் வீட்டுக் கொல்லைகளில் இருக்கும் முருங்கையையும் தவற விடாதீர்கள். மழைக்காலத்தில் முருங்கைத் தண்டில் கம்பளிப்பூச்சி அப்பிக் கிடக்கும். வீட்டுக்காரர்கள் தீப்பந்தம் கொண்டு கருக்குவார்கள், குயில்களுக்கோ விருந்து. கொல்லைக்குள் எட்டிப் பார்ப்பதற்கு முன் வீட்டுப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பைனாகுலரும் கையுமாக வேலிக்கு வெளியே நிற்பவரை யாருக்கும் பிடிக்காது.

இந்தக் குயில் இரை தின்பதைப் பார்க்க வாய்த்தால் மற்றதை மறந்து அதையே பாருங்கள். கிளையில் அணில் போல ஓடாது; ஒரு தாவல், ஒரு நிறுத்தம். தலையை மட்டும் மெல்லத் திருப்பி இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்கும். கம்பளிப்பூச்சி ஒன்றை நடுவில் கவ்வாது, ஒரு முனையில் கவ்வும். அலகுக்குள் அதை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சின்னச் சின்னதாக நசுக்கிக்கொண்டே நகர்த்தும். அப்படியே தலையை உதறும்போது புழுவின் உள்ளே இருக்கும் பச்சைக் குழம்பு தெறித்து விழும். மறுபடி உதறல். பிறகுதான் விழுங்கும். விழுங்கியதும் கொண்டை படிந்து, தலை வழுவழுவென்று ஆகிவிடும். அந்த நேரத்தில் பார்ப்பவர் கொண்டை இல்லை என்று செம்போத்துக் கணக்கில் எழுதிவிட வாய்ப்பு உண்டு. கழுத்துப் பட்டையைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

காது இந்த விஷயத்தில் அதிகம் உதவாது. இனப்பெருக்க இடங்களில் இரட்டைச் சீழ்க்கையாகக் கத்தும் பறவை, குளிர்காலத்தில் இங்கே பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலியைக் காதோரம் வைத்துக்கொண்டு நடந்தால் அது உங்களுக்கு இந்தக் குயிலைக் காட்டித் தராது. ஆனால் மற்றவர்களின் சத்தம் காட்டித் தரும். கரிச்சான் ஒன்று திடீரென்று கத்தி ஒரு மரத்துக்குள் பாய்ந்து பாய்ந்து வந்தாலோ, காக்கைகள் ஒரே கொப்பைச் சுற்றிக் கரைந்தாலோ, தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒரு புதரைப் பார்த்துச் சண்டை போட்டாலோ அங்கே போங்கள். பத்துக்கு எட்டு முறை பாம்பு, ஆந்தை, வல்லூறு. எஞ்சியதில் ஒரு குயில் இருக்கலாம். குயிலினத்தைக் கண்டால் பல பறவைகளுக்குப் பிடிக்காது.

குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டு அழைக்க வேண்டாம். சரணாலயத்துக்குள் அது கூடாது என்பது ஒருபுறம். இரவெல்லாம் பறந்து வந்து, அடுத்து கடல் தாண்ட வேண்டிய பறவையை இரை தேடும் வேலையிலிருந்து கிளப்பி அலைய விடுவது எந்தப் படத்துக்கும் தகாது. அதே காரணத்துக்காகத்தான், பறவை கிடைத்துவிட்டால் நெருங்காதீர்கள் என்பதும். அது தலையை நிமிர்த்தி உடலை ஒடுக்கினால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். இரண்டடி பின்வாங்கி உட்கார்ந்துவிடுங்கள். உட்கார்ந்த மனிதரைப் பறவை சீக்கிரம் மறந்துவிடும்.

குயில் கிடைக்காத நாளில்

இதே பாதையில் இதே பொறுமைக்குக் கிடைக்கும் மற்றவை கொஞ்சநஞ்சமல்ல. கொடிக்கால் வாலாட்டியைத் தேடுங்கள். மார்பில் இரண்டு கறுப்புப் பட்டை. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும், இது மட்டும் இடமும் வலமும் ஆட்டும். மர நிழலில் சருகின் மேல் நடந்துகொண்டிருக்கும். செந்தலைப் பூங்குருவியும் அதே சருகுப் பகுதியில்தான். யாரோ தாள் கிழிப்பது போலச் சருகு சலசலத்தால் அசையாமல் நில்லுங்கள்.

மாலை ஆறு மணியை ஒட்டி ஆறுமணிக் குருவி கத்தும். பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, குட்டை வால். இத்தனை நிறத்தை வைத்துக்கொண்டும் கண்ணில் படாமல் இருப்பதில் அது பெரிய ஆள். அதன் சீழ்க்கை இரண்டு சுருதி, இரண்டாவது இறங்கும். மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்துசேர்கிறது. வந்த புதிதில், அக்டோபர் மாதத்தில், களைத்துப்போய் வீட்டு வராண்டாவிலும் கடை வாசலிலும் விழுந்து கிடப்பதும் உண்டு. அப்படி ஒன்று கிடைத்தால் காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் இருட்டில் வைத்து வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும்.

பார்த்துவிட்டால்

கேமராவைத் தூக்குவதற்கு முன் ஐந்து நொடி பைனாகுலரில் பாருங்கள். கொண்டை, கழுத்துப் பட்டை, தொண்டை, வயிறு, வாலடி. வாயால் சொல்லிக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஆள் இருந்தால் அவரிடம் சொல்லுங்கள், கேட்டவர் சாட்சி. பிறகு படம். அது முடிந்ததும் நேரம், மரம், தரையிலிருந்து எவ்வளவு உயரம், என்ன செய்துகொண்டிருந்தது, காற்றும் வானமும் எப்படி இருந்தன என்று நோட்டுப் புத்தகத்தில் அங்கேயே எழுதிவிடுங்கள். அறைக்குப் போய் எழுதினால், படித்த புத்தகத்தில் இருந்தது பார்த்ததோடு கலந்துவிடும்.

பார்த்த பறவைகளைப் பதிவிடும் இணையதளமான ஈபேர்டில் (eBird) பட்டியல் பதியும்போது இந்தப் பறவைக்கு விளக்கம் கேட்கும். அங்கே "தெளிவாகப் பார்த்தேன்" என்று எழுதுவதில் பயனில்லை. செம்போத்து ஏன் இல்லை என்று எழுதுங்கள்: வெள்ளைப் பட்டை தெரிந்தது, வயிறு வெண்மை, மரத்தின் மேல்பகுதியில் இருந்தது, தரைக்கு வரவில்லை. இளம் பறவை என்றால் முதுகில் செதில் விளிம்பு இருந்ததையும் சேருங்கள். பார்க்காததை எழுத வேண்டாம். "வாலடி தெரியவில்லை" என்று ஒரு வரி இருந்தால் மற்ற வரிகளை நம்புவார்கள். சரிபார்ப்பவர் திருப்பிக் கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள், அது அவர்கள் வேலை. படம் மங்கலாக, பாதி இலை மறைத்து இருந்தாலும் கழுத்தும் இறக்கையும் ஒரே படத்தில் விழுந்திருந்தால் அதைச் சேர்த்துவிடுங்கள். அழகான ஒற்றைத் தலைப் படத்தைவிட அடையாளத்துக்கு அது உதவும்.